ஓர் ஆள் குடும்பம்

காசியம்மாளுக்கு ஒரு ரேஷன் கார்டு வேண்டியிருந்தது. அதில் அவள் பெயர் மட்டும் இருக்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் அவள் அரசிடம் கேட்டது இவ்வளவுதான். கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று.

அவள் வீடு மாரண்டஹள்ளியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அண்ணன் தீர்த்தகிரியின் வீட்டுக்குப் பின்னால், அதே நிலத்தில், ஷீட் கூரை போட்ட ஒற்றை அறை. அறையை ஒட்டி ஒரு சாய்ப்பு. சாய்ப்பில் மண் அடுப்பு. பட்டுப்பூச்சிக் கொட்டகை ஒன்றில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசில் பதினெட்டு வருஷத்துக்கு முன் அவளே கட்டியது. கொட்டகையில் மல்பெரித் தழை வெட்ட வேண்டும், தட்டுகளில் பரப்ப வேண்டும், புழுவின் எச்சத்தை வார வேண்டும். புழு தின்று மிச்சம் விட்ட குச்சிகள் காய்ந்தால் அவளுக்கு விறகு.

முப்பது வருஷத்துக்கு முன் மொரப்பூர்ப் பக்கம் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் அடித்தான். மூன்றாம் முறை அடித்த மறுநாள் காலை, மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வருஷமே தன் ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்த்தான். அதைப் பெரிய செயல் என்று சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதைச் செய்தான். செய்யாத அண்ணன்மார் பலர் உண்டு என்பதும் உண்மை.

அன்றைக்குக் கார்டு என்பது ஒரு சிறு புத்தகம். அரசு அப்போது வயிற்றைப் பார்த்தது. எத்தனை வயிறு என்று கேட்டது, அரிசியும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் அதற்குத் தக்கபடி கொடுத்தது. யாருடைய வயிறு என்பதில் அதற்கு அக்கறை இல்லை. பிறகு புத்தகம் ஸ்மார்ட் கார்டு ஆயிற்று. அதில் போன் எண் சேர்ந்தது, கைரேகை சேர்ந்தது. மருத்துவக் காப்பீடு, பெண்களுக்கு மாதம்தோறும் வரும் தொகை, பொங்கல் பரிசு என்று ஒவ்வொன்றாக அந்த ஒரே அட்டையில் வந்து தொங்கின. கொடுப்பது கூடியது. கொடுப்பதற்கு முன் நீ யார் என்று கேட்பதும் கூடியது. அந்தக் கேள்விக்குக் காசியம்மாளின் பதில் எப்போதும் ஒன்றுதான்: தீர்த்தகிரியின் அட்டையில் ஓர் உறுப்பினர்.

இது அவளை உறுத்தியது ஒரு மருத்துவமனை வரிசையில். பித்தப்பையில் கல். காப்பீட்டில் சேர அட்டையோடு குடும்பத் தலைவரும் வரட்டும், அவர் போனுக்கு ஓர் எண் வரும் என்றார்கள். தக்காளி பறிப்பு நாள். அண்ணன் ஆட்களை அப்படியே விட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். முகம் சுளிக்கவில்லை. அவன் சுளித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. என் வயிற்றில் இருக்கும் கல்லை எடுக்க இவன் போன் எதற்கு என்று அன்று நினைத்தாள். ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதும் மாரண்டஹள்ளி பஸ் நிலையத்துக்கு அருகே இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போனாள்.

மையத்தில் கம்ப்யூட்டர் முன் இருந்தவள் ஸ்டெஃபி. இருபத்தைந்து வயது. சுற்று வட்டாரத்துப் பாதிப் பேரின் ஆதார் எண் அவளுக்குத் தெரியும் என்பார்கள்.

"தனி கார்டாக்கா? போடலாம். ஆனா கார்டோட நிறுத்தாதீங்க. வந்ததும் பென்ஷனுக்கும் போட்டுடலாம். கணவனால் கைவிடப்பட்டவர்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணும், அவ்ளோதான்."

"என்னான்னு எழுதணும்?"

"கைவிடப்பட்டவர்னு."

"யாரு யாரக் கைவுட்டா? நாந்தான அவன வுட்டுட்டு வந்தேன்."

"அக்கா, அது பேருக்குத்தான். பாரத்துல அந்தக் கட்டம் மட்டுந்தான் இருக்கு. வுட்டுட்டு வந்தவருன்னு ஒரு கட்டம் கெடையாது."

"அப்ப அது வேணாம். கார்டு போடு."

ஸ்டெஃபி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டத் தொடங்கினாள். பழைய அட்டையிலிருந்து பெயரை எடுக்கத் தீர்த்தகிரியின் போனுக்கு எண் போகும் என்றாள். காசியம்மாள் வெளியே வந்து அண்ணி பானுமதியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அண்ணன் போன் எங்க?"

"சார்ஜுல கெடக்குது. அவரு தோட்டத்துல. ஏன்?"

"ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர். படிச்சுச் சொல்லுங்க."

"எதுக்குன்னு சொன்னாத்தான் படிப்பேன். திருட்டுப் பசங்ககூட இப்படித்தான் கேக்கறாங்களாம்."

காசியம்மாள் சொன்னாள்.

"உன் பேரு போனா எங்க கார்டுல அரிசி கொறையும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கற. இரு, கண்ணாடிய எடுக்கறேன்." பிறகு ஆறு எண்களையும் நிதானமாகப் படித்தாள். "அவருகிட்ட நீயே சொல்லிக்க. நான் எதையும் படிக்கல, என் கண்ணுக்கு எதுவும் தெரியாது."

காசியம்மாள் சொல்லவில்லை. சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டு கையில் வந்த பிறகு சொன்னால் சண்டை சிறிதாக இருக்கும் என்று கணித்தாள். இந்தக் கணிப்பு தவறு. அது அவளுக்கு ஒரு வருஷத்தைத் தின்றது.

தனி கார்டு கேட்டால் நேரில் பார்க்க ஆள் வருவார். அவர் பார்ப்பது அடுப்பை. ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே நிலத்தில் இருக்கலாம். அடுப்பு தனி என்றால் குடும்பம் தனி. ஒற்றை மனிதர் குடும்பம் ஆக முடியுமா என்பது பழைய கேள்வி. ஊர் முடியாது என்கிறது. அரசு முடியும் என்கிறது, ஆனால் அடுப்பைக் காட்டச் சொல்கிறது.

மூன்று வாரம் கழித்து, அடுத்த தெருவில் பங்காளி மாரப்பன் விடியற்காலையில் இறந்துபோனார். எழுபத்து நான்கு வயது. பங்காளி வீட்டில் சாவு என்றால் எடுக்கும்வரை எந்தப் பங்காளி வீட்டிலும் அடுப்பு எரியாது. அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்து வந்த பிறகு, சம்பந்தி வீட்டார் பாத்திரங்களில் கொண்டு வரும் சோற்றைப் பங்காளிகள் ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள். அந்தச் சோற்றின் முன் யாரும் சாவைப் பேச மாட்டார்கள். இது யார் வீட்டுச் சோறு என்று சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டு முடிக்காமல் எழவும் மாட்டார்கள். எழுந்தால் இன்னொரு வீட்டில் விழும் என்பது பயம். மாரப்பன் வீட்டு வாசல் சிறிது. தீர்த்தகிரியின் களம் பெரிது. ஆகவே நாற்பது பேர் அங்கே வரிசையாக உட்கார்ந்தார்கள். காசியம்மாளும் காலையிலேயே தன் அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்து, பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் வருவாய் ஆய்வாளர் அறிவழகன் மோட்டார் சைக்கிளில் வந்தார். கடலோர மாவட்டத்துக்காரர். இங்கே மாறி வந்து இரண்டு மாதம்தான்.

"காசியம்மாள் யாருங்க? தனி கார்டு கேட்டிருக்கீங்களே."

நாற்பது தலை திரும்பியது. தீர்த்தகிரியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"நாந்தாங்க," என்றாள் காசியம்மாள், உட்கார்ந்தபடியே.

"உக்காருங்க, உக்காருங்க. வீட்டை நான் பாத்துக்கறேன்." பின்னால் போய்ச் சாய்ப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அடுப்பு எரிஞ்ச மாதிரியே தெரியலையேம்மா. இங்க என்ன, விசேஷமா?"

எல்லோரும் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள். அவர் தீர்த்தகிரியிடம் வந்தார். "நீங்க அண்ணனா? இவங்க எங்க சாப்பிடறாங்க?"

தங்கை தன் அட்டையிலிருந்து போகப் பார்க்கிறாள் என்பதைத் தீர்த்தகிரி அந்த நிமிஷத்தில்தான் அறிந்தான், அதுவும் பங்காளிகளுக்கும் சம்பந்திகளுக்கும் நடுவில்.

"எங்ககூடத்தாங்க. வேற எங்க சாப்பிடுவா?"

அறிவழகன் காசியம்மாளைப் பார்த்தார். அவள் இலையைப் பார்த்தாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மாலையில் உறவுக்காரர்கள் போன பிறகு அண்ணன் அவள் சாய்ப்புக்கு வந்து நின்றான்.

"நான் என்னா கொற வெச்சேன்?"

"ஒண்ணும் வெக்கல."

"அப்பறம் எதுக்கு?"

"கொற வெச்சாத்தான் கேக்கணுமா?"

"பொறந்தவளப் பிரிச்சு வுட்டுட்டான்னு ஊரு சொல்லும். நீ கேக்க மாட்ட, நாந்தான் கேக்கணும்."

"சொல்லட்டுமே. ஊரு வந்தா என் புழுவுக்குத் தழை வெட்டுது?"

அண்ணன் திரும்பிப் போனான். எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் போனில் செய்தி வந்தது. தனிச் சமையல் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

பானுமதிக்கு நாக்கு கூர்மை. செய்தியைக் கேட்டதும், "உன் அடுப்ப நீ எதுக்கு அணைச்ச?" என்றாள். "நீ கட்டிக் குடுத்தவ. உனக்கு ஏது எங்க பங்காளித் தீட்டு? மொறையப் பாத்தா மொரப்பூர்ல எவனாவது செத்தாத்தான் நீ அடுப்ப அணைக்கணும்."

அது முறைப்படி சரி. ஊர் வழக்கில் காசியம்மாள் முப்பது வருஷமாகப் பார்க்காத ஒருவன் வீட்டைச் சேர்ந்தவள். அரசு ஏட்டில் அண்ணன் வீட்டைச் சேர்ந்தவள். அன்று காலை அடுப்பில் தண்ணீர் தெளித்தபோது இரண்டில் எதையும் அவள் யோசிக்கவில்லை. மாரப்பன் சிறு வயதில் அவளைத் தோளில் தூக்கிப் போனவர், அதனால் அணைத்தாள். அதற்கும் எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.

மறு வாரமே இரண்டாம் விண்ணப்பம் போடப் போனாள். இந்த முறை போன் சார்ஜில் இல்லை, தீர்த்தகிரியின் சட்டைப் பையில் இருந்தது. பானுமதி விஷயத்தைச் சொன்னபோது அதை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். கொடுத்ததாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது. பானுமதி எண்ணைப் படித்தாள்.

எட்டு மாதம் யாரும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை தருமபுரிக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். ரசீது கொடுத்தார்கள். மனுவைப் பாலக்கோடு தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார்கள், அதாவது அவள் விண்ணப்பம் ஏற்கெனவே கிடந்த இடத்துக்கே. அதன்பின் அவள் தானே ஒரு வழி வகுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் காலைத் தழை போட்டுவிட்டு ஒன்பது மணி பஸ்சில் பாலக்கோடு. ஆபீஸ் வாசலில் நின்று, அன்றைக்கு யார் இருக்கிறாரோ அவரிடம் தன் விண்ணப்ப எண்ணைச் சொல்லுவாள். பதிலைக் கேட்டுக்கொள்வாள். மதியத் தழைக்குத் திரும்பிவிடுவாள். கெஞ்சவில்லை, கத்தவுமில்லை. இப்படி ஏழு செவ்வாய்.

ஐந்தாம் வாரம் கிளார்க் ஒருவர், "என்னம்மா, எங்களுக்கு முன்னாடி ஆபீஸ் வந்துடற. பேசாம உனக்கு ஒரு நாற்காலி போட்டுடலாமா?" என்றார்.

"நாற்காலி வேணாங்க. கார்டு போட்டாப் போதும்."

ஏழாம் வாரம் அறிவழகன் இருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். "உங்க அண்ணனே ஒண்ணாத்தான் சாப்பிடறோம்னு சொன்னாரேம்மா."

"இன்னொரு தரம் வந்து கேளுங்க சார்."

"எப்ப வருவேன்னு சொல்ல முடியாது. சொல்லிட்டு வந்தா அதுக்குன்னு அடுப்பு மூட்டுவாங்க."

"சொல்ல வேணாம். நான் இருப்பேன்."

இருப்பேன் என்று சொல்வது எளிது. கொட்டகையில் அப்போது புழுக்கள் நாலாம் தோல் உரித்து எழுந்திருந்தன. கூடு கட்டும்வரை கடைசி ஒரு வாரம் அவை தின்னும் தீனி முன்பு தின்றது எல்லாவற்றையும்விட அதிகம். ஆள் விலக முடியாது. அவள் கொட்டகைக்காரரிடம் பேசி, விடியும் முன்னே ஒரு முறை, பொழுது சாய ஒரு முறை என்று வேலையை மாற்றிக்கொண்டாள். நடுப்பகல் தழைக்கு வேறொரு பெண்ணை அமர்த்தி, தன் கூலியில் அவளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். ஆபீஸ் ஆட்கள் வரும் நேரம் பத்துக்கும் நாலுக்கும் இடையில். அந்த நேரத்தில் அவள் சாய்ப்பில் அடுப்போடு இருந்தாள். மாலையில் செய்யும் சமையலைப் பகலுக்கு மாற்றினாள். அறிவழகன் பதினோராம் நாள் வந்தார்.

அவர் வந்தபோது அவள் இரண்டு காலாலும் பானையை அணைத்துப் பிடித்து, துடுப்பால் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"செத்த நில்லுங்க சார். இப்ப வுட்டா கட்டி தட்டிடும்."

அவர் நின்றார். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டார். சுவரில் ஏறியிருந்த கரியையும், குதிரில் இருந்த கேழ்வரகையும், ஒரே ஒரு சாப்பாட்டு வட்டிலையும் பார்த்தார். அவள் களியை உருட்டி வைத்துக் கையைக் கழுவிய பிறகுதான் பேசினார்.

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா போன தடவை ஒண்ணாச் சாப்பிடறோம்னு நானே எழுதியிருக்கேன். இப்ப இல்லைன்னு எழுதணும்னா உங்க அண்ணன் கைப்பட ஒரு வாக்குமூலம் வேணும்."

பானுமதி போய்த் தீர்த்தகிரியை அழைத்து வந்தாள். அவன் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாய்ப்புக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

"அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே, ஏங்க?" என்றார் அறிவழகன்.

"அன்னைக்கு எங்க பங்காளிய எடுத்த நாளுங்க. சம்பந்தி வூட்டுச் சோறு அது. யாரு வூட்லயும் அடுப்பு எரியல. எங்க வூட்லயும்தான்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சோத்துக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு எப்படிங்க சொல்றது?"

அறிவழகன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி. மத்த நாள்ல இவங்க எங்க சாப்பிடறாங்க?"

தீர்த்தகிரி துண்டின் முனையை முறுக்கினான். காசியம்மாள் காத்திருந்தாள். அவன் வாய் திறந்தபோது கேள்விக்கு உரிய பதில் வரவில்லை.

"நான் உசுரோட இருக்கும்போது எந் தங்கச்சி தனிக் குடும்பம்னு எங் கையால எப்படிங்க எழுதறது?"

"நீ போனப்பறம் யாருண்ணா எழுதுவா?" என்றாள் காசியம்மாள்.

பானுமதி அவளை முறைத்தாள். தீர்த்தகிரி முறைக்கவில்லை. அந்தக் கேள்வியை ஏற்கெனவே தனக்குள் கேட்டுப் பார்த்தவன்போல நின்றான். நாளைக்குத் தன் மகனுக்குக் கல்யாணம் ஆகும். அட்டையில் ஒரு பெயர் ஏறும். ஏறும்போது வேறொரு பெயர் எதற்கு என்று ஒருத்தி கேட்பாள். கேட்பவள் கெட்டவளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

"போன வாரம் முழுக்க நான் என்ன தின்னேன், சொல்லுண்ணா," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "தெரியாதில்ல. தெரிய வேண்டியதும் இல்ல. தீபாவளிக்கு உங்க வூட்ல தின்னேன், மாரப்பண்ணன எடுத்த அன்னைக்குத் தின்னேன். இனியும் திம்பேன். மிச்ச நாளெல்லாம் இந்த அடுப்பு. அத எழுது. பொய் எழுதச் சொல்லல."

தீர்த்தகிரி தாளை வாங்கினான். எழுத நேரம் பிடித்தது. ஏழாவதோடு படிப்பை விட்டவன். எழுத்து பெரிது பெரிதாக, கோடு தாண்டி வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அறிவழகன் வாய்விட்டுப் படித்தார்.

"'என் தங்கை காசியம்மாள் பதினெட்டு வருடமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். நான் அவரைத் தனியாக விடவில்லை.'" அவர் நிமிர்ந்தார். "ரெண்டாவது வரி தேவையில்லைங்க."

"உங்களுக்குத் தேவையில்லாம இருக்கலாம்," என்றான் தீர்த்தகிரி.

அறிவழகன் அந்த வரியை அடிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவரைப் புகழ இது போதுமா என்று தெரியவில்லை. அடிக்க அவருக்கு அதிகாரம் இருந்தது, அடிக்கவில்லை, அவ்வளவுதான். பாலக்கோட்டில் ஏதோ ஒரு கோப்பில் அந்த இரண்டு வரியும் சேர்ந்தே இருக்கின்றன.

அறுபத்திரண்டு நாள் கழித்துக் கார்டு வந்தது. ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். குடும்பத் தலைவர் காசியம்மாள். உறுப்பினர்கள் ஒன்று. அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய்த் தழை போட்டாள். மாலையில் அண்ணன் வீட்டு வழியாக வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியிடம் நீட்டினாள்.

அவன் கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

"போட்டோ நல்லா வுழல."

"ஆளு யாருன்னு தெரியுதில்ல?"

"தெரியுது," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.